இருபது பைசா அஞ்சல்தலையும் ஆயிரம் ஆண்டுச் செப்பேடும்

பங்காருபேட்டையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரயிலும் தபாலும் ரத்தத்தோடு கலந்தவை. சென்னை–பெங்களூர் பாதையில் இறங்கி மாரிக்குப்பம் வண்டிக்கு மாறியவர்கள்தான் நம்மில் பலருடைய தாத்தாக்கள். அவர்களுக்குப் பின்னால் கடிதங்கள் வந்தன. அவர்கள் சம்பாதித்ததில் ஒரு பகுதி மணியார்டராகக் குடியாத்தத்துக்கும் திருப்பத்தூருக்கும் வாணியம்பாடிக்கும் திரும்பிப் போனது. ஆகவே சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, ஓர் அஞ்சல்தலையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். "அஞ்சல்தலையில என்னய்யா வரலாறு இருக்கு?" என்றார் நண்பர். இருக்கிறது. என் குடும்பத்துக்கு நான் செய்த ஒரு கெடுதலும் அதில் இருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

கொச்சியிலிருந்து வந்த கடிதம்

1969ஆம் ஆண்டு தொடக்கம். எனக்குப் பதினோரு வயது. தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். பெரியப்பாவும் அதே சுரங்கத்தில்தான். கம்பெனி லைன் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். அப்பா மட்டும் பங்காருபேட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். லீவு விட்டால் நான் வண்டி ஏறி லைனுக்குப் போய்விடுவேன்.

சித்தப்பா கொச்சித் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். அவரிடமிருந்து தாத்தா பெயருக்கு ஒரு கவர் வந்தது. அதன்மேல் நான் அதுவரை பார்த்திராத ஓர் அஞ்சல்தலை. இருபது பைசா. ஏதோ ஒரு மண்டபத்தின் உட்புறம். கோவில் என்றால் சாமி இல்லை, சர்ச் என்றால் சிலுவை இல்லை. பள்ளிக்கூடத்தில் அப்போது எல்லாப் பையன்களும் ஸ்டாம்பு சேர்த்தார்கள். சுரங்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த நாளிலிருந்தே வெளிநாட்டுத் தபால் நிறைய வந்த ஊர் அது. எனக்கு ஆசை தாங்கவில்லை. கவரை அப்படியே ஒரு அலுமினியக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன். ஸ்டாம்பு அழகாகக் கழன்று வந்தது. கவரில் பேனா மசியால் எழுதியிருந்த தாத்தா பெயரும், லைன் பெயரும், வீட்டு எண்ணும் நீலத் தண்ணீராகக் கரைந்து போயின. மிச்சக் காகிதம் அடுப்புக்குப் போயிற்று.

"இன்னாடா பண்ணிட்ட? பேரு எழுதின காயிதத்த தண்ணில போடுவாங்களா?" என்று ஆயா அதட்டினார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, எழுத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய முப்பத்திரண்டு வருடம் ஆயிற்று.

படத்தில் இல்லாத பொருள்

அந்த அஞ்சல்தலை 1968ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி யூத ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அதன் நானூறாம் ஆண்டு நிறைவு நினைவாக வந்த தலை அது. விழாவுக்கு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரே போயிருந்தார். தொங்கும் விளக்குகளும், சீனத்திலிருந்து வந்த நீலவண்ணத் தளஓடுகளும் கொண்ட அந்தக் கூடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த ஆலயத்தின் மிகப் பெரிய செல்வம் அஞ்சல்தலைப் படத்தில் இல்லை. அது ஒரு பேழைக்குள் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்த செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவி தன் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டில், முயிரிக்கோட்டில் இருந்தருளி, இசுப்பு இரப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்குக் கொடுத்த அரச சாசனம் அது. ஜோசப் ரப்பான் என்ற பெயரே அந்த வடிவில் செம்பில் ஏறியிருக்கிறது. முயிரிக்கோடு என்பது கொடுங்கல்லூர்ப் பகுதி, நம் சங்கப் பாடல்களின் முசிறி. சாசனத்தின் காலம் ஏறத்தாழ கி.பி. 1000 என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். அதாவது தஞ்சையில் ராசராசன் பெரிய கோவிலை எழுப்பத் தொடங்கிய காலம்.

எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழியோ, தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பாகம் பிரித்துக்கொள்ளாத கூட்டுக் குடும்பத்து மொழி. நாம் வாய்விட்டுப் படித்தால் பாதிக்கு மேல் புரிந்துவிடும். மன்னன் அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும், எழுபத்திரண்டு விடுபேறுகளையும் இரப்பானுக்குக் கொடுக்கிறான். பகல் விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் என்று பட்டியல் போகிறது. பாவாடை என்றால் இங்கே பெண்கள் கட்டுவது அல்ல, பெரியவர் நடக்கும் வழியில் விரிக்கும் துணி. அந்தோளம் என்பது பல்லக்கு. காகளம் என்பது ஊதுகொம்பு. உல்கு என்ற சுங்கமும் துலாக்கூலி என்ற எடைக்கூலியும் கட்ட வேண்டியதில்லை. இந்த உரிமைகள் அவனுடைய ஆண் மக்களுக்கும், பெண் மக்களுக்கும், மருமக்களுக்கும் வழிவழியாக உலகும் சந்திரனும் உள்ளவரை செல்லும். வேணாடு முதலான நாடுகளை ஆண்டவர்கள் சாட்சியாக நிற்கிறார்கள்.

கடல் கடந்து வந்த ஒரு குடும்பத்துக்கு, 'நீ இந்த ஊர்க்காரன்' என்று ஓர் அரசன் செம்பில் எழுதிக் கொடுத்திருக்கிறான். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதைப் படிக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு சாசனங்கள்

இதற்கும் முந்தைய சாசனம் ஒன்று சேர நாட்டிலேயே உண்டு. கி.பி. 849ஐச் சேர்ந்தது என்று கொள்ளப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேடு அது. தாணு ரவி என்ற சேரப் பேரரசனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டு அய்யனடிகள் திருவடி, கொல்லத்தில் இருந்த ஒரு கிறித்தவப் பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் கொடுத்தது. அதில் வியப்பு என்னவென்றால் சாட்சிகளின் கையெழுத்து. கூபி என்ற அரபு எழுத்திலும், பாரசீகப் பஹ்லவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். ஒரே செப்பேட்டில் இத்தனை எழுத்துகள். கொல்லத்துக் கடைத்தெரு அன்றைக்கே அப்படி இருந்திருக்கிறது!

கடலுக்கு அப்பாலும் ஒரு கணம் போய் வருவோம். தரிசாப்பள்ளிச் செப்பேட்டுக்கு மூன்றே ஆண்டு கழித்து, கி.பி. 852 என்று வழக்கமாகக் கொள்ளப்படும் ஆண்டில், அட்ரியாட்டிக் கடலோரத்தில் திர்பிமிர் என்ற குரோவாசியக் கோமகன் ஒரு சாசனம் கொடுத்தான். ஸ்ப்ளித் நகரப் பேராயரின் திருச்சபைக்கு நிலங்களை உறுதி செய்யும் இலத்தீன் சாசனம். அதில் தன்னைக் 'குரோவாசியரின் தலைவன்' என்று அவன் சொல்லிக்கொள்கிறான். தங்கள் இனத்தின் பெயரைச் சொல்லும் மிகப் பழைய உள்நாட்டு ஆவணம் என்று அந்த நாட்டார் இன்றும் அதைப் போற்றுகிறார்கள். ஒரு கோவிலுக்கு நிலம் கொடுத்த பத்திரம்தான். ஆனால் அதில் தங்கள் பெயர் இருக்கிறதே!

அந்தச் சாசனத்தின் மூலம் இன்று கிடையாது. படி எடுத்து வைத்தவைதான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் மிகப் பழையது 1568ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மட்டாஞ்சேரி ஆலயம் கட்டிய அதே 1568! இங்கே ஒரு சமூகம் புது ஆலயம் கட்டிக்கொண்ட ஆண்டில், அங்கே யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து பழைய எழுத்தைப் படி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் கை வலிக்கிறது என்று எழுந்து போயிருந்தால் ஒரு நாட்டுக்குத் தன் பெயர்ப் பத்திரம் கிடைத்திருக்காது. மூலம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் படியாவது வேண்டும். இரண்டும் இல்லாதவன் கதி என்ன?

நம் மண்ணின் எழுத்து

இங்கே நம் கோலாருக்கு வருவோம். கங்க மன்னர்கள் தங்களைக் குவளாலபுரத்துத் தலைவர்கள் என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள். குவளாலம்தான் கோலார். சோழர் காலத்தில் இப்பகுதிக்கு நிகரிலிச்சோழ மண்டலம் என்று பெயர். கோலாரம்மன் கோவிலில் ராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். லூயிஸ் ரைஸ் 1905இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நாம் பள்ளியில் உருப்போட்ட நன்னூலைப் பவணந்தி முனிவரிடம் கேட்டு எழுதுவித்த சீய கங்கனும் குவளாலபுரப் பட்டம் தாங்கிய கங்கர் குலத்தவனே.

இதைச் சொன்னதும் சங்கக் கூட்டங்களில் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நாம் ராசேந்திரனின் யானைப்படையோடு வந்தவர்கள் அல்ல. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர்கள் 1880க்குப் பிறகு, வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து வறட்சியிலிருந்தும் சாதிக் கொடுமையிலிருந்தும் தப்பி, ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய சுரங்கத்துக்கு வயிற்றுப் பிழைப்புக்காக வந்தவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த கைகள் அவை. பூமிக்குள் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிய கால்கள் அவை.

இந்தத் தங்கவயலுக்கும் ஒரு சாசனம் உண்டு. 1870களில் மைக்கேல் லவேல் என்பவர், இங்கே சுரங்கம் தோண்டும் உரிமையை இருபது ஆண்டுகளுக்கு மைசூர் அரசிடம் எழுதி வாங்கினார். அது கைமாறிக் கைமாறிக் கம்பெனிக்குப் போயிற்று. கம்பெனிக்குப் பத்திரம் இருந்தது. தொழிலாளிக்கு என்ன இருந்தது? கைரேகை கேட்டார்கள்! தொழிலாளர் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து 1930இல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுத்து இரண்டு வகை. ஒன்று, உனக்கு இன்னின்ன உரிமை என்று சொல்லும் எழுத்து. மற்றது, உன்னைப் பிடித்து வைக்கும் எழுத்து. இரப்பானுக்குக் கிடைத்தது முதல் வகை. நம் தாத்தாக்களுக்கு நீட்டப்பட்டது இரண்டாம் வகை.

கொடுக்கும் சாசனம், தடுக்கும் சாசனம்

செப்பேடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. கொச்சி யூதர்களுக்குள்ளேயே, அந்த உரிமை யாருடையது என்று நெடுங்காலம் பிணக்கு இருந்தது. பிற்காலத்தில் மேற்கிலிருந்து வந்தவர்களின் வழியினரான பரதேசிகள், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழியினருக்குத் தங்கள் ஆலயத்தில் சம இடம் தரவில்லை. அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் வழக்கறிஞர் ஏ.பி. சேலம். அவர் அந்த ஆலயத்திலேயே காந்திய வழியில் சத்தியாக்கிரகம் செய்து சம உரிமைக்குப் போராடினார். 'யூத காந்தி' என்று அவரைச் சொல்வார்கள். 1882இல் பிறந்தவர், 1967இல் மறைந்தார். நானூறாம் ஆண்டு விழாவையும் அஞ்சல்தலையையும் பார்க்க அவர் இல்லை.

தங்கவயல்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் கேட்டதும் இதே கேள்விதான். மாரிக்குப்பத்தில் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்த பிறகு, 1926 முதல் 'தமிழன்' இதழை ஜி. அப்பாதுரையார் இந்தத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். அயோத்திதாசருக்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. ஒரு பைசா விலையில் இதழ் விற்றவரின் முகம் ஐந்து ரூபாய்த் தலையில் வந்ததைப் பார்த்தபோது, இருந்திருந்தால் தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்கும் 2010இல் அஞ்சல்தலை வந்தது. அந்தக் கோவிலின் சுவர் முழுவதும் சாசனம்தான். யார் எதைக் கொடுத்தார், யாருக்கு எவ்வளவு நெல், ஆடல் மகளிர் எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறான் ராசராசன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நடனப் பெண்ணின் வீட்டு எண் தெரிகிறது. என் தாத்தாவின் வீட்டு எண்?

கிண்ணத்துத் தண்ணீர்

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அந்த நாளைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, இதைப் படிக்கும் பாதிப் பேர் அந்தச் சங்கொலி நின்றதைக் காதால் கேட்டவர்கள். அதற்குப் பிறகு, குடியிருந்த லைன் வீடுகள் யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. பெரியப்பா மகன் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். எத்தனை தலைமுறையாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள், எழுத்து எங்கே என்று கேட்டார்கள். பெரியப்பாவின் வேலைச் சீட்டு இருந்தது. தாத்தா காலத்துக்கு ஒன்றுமே இல்லை. ரேஷன் கார்டு மாறிப்போயிருந்தது. பழைய சம்பளச் சீட்டுகளைக் கரையான் தின்றிருந்தது.

"உன்கிட்டதான் பழைய தபால் எல்லாம் இருக்குமே, தாத்தா பேருக்கு வந்த கவர் ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டார். ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். கொச்சி அஞ்சல்தலை பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் தபால் முத்திரையின் கால்வட்டம்கூட இருந்தது. கவர் இல்லை. தாத்தாவின் பெயரும், லைனும், எண்ணும், தேதி முத்திரையும் ஒருசேர இருந்த ஒரே காகிதத்தை நான்தான் கிண்ணத்தில் கரைத்திருந்தேன். அந்த ஒரு கவரால் வீடு கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்டபோது நீட்டக் கையில் ஒன்று இருந்திருக்கும்.

அந்த ஆண்டே மட்டாஞ்சேரிக்குப் போனேன். தரையில் குனிந்து அந்த நீல ஓடுகளைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வூர் யூதர்களில் பெரும்பாலோர் 1948க்குப் பிறகு இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். சாசனம் வைத்திருந்தவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். சாசனம் இல்லாத நாம் ஊரை விட மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறோம். 2017இல் பாரதப் பிரதமர் இஸ்ரேல் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்த பரிசுகளில் இந்தச் செப்பேட்டின் நகலும் இருந்தது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அந்தச் செம்புத் தகடு வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோள்

நமக்கு எந்த அரசனும் செப்பேடு கொடுக்கவில்லை. நமக்கு இருப்பவை தபால் கவர், மணியார்டர் ரசீது, வேலைச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல்லின் பெயர். இவைதாம் நம் சாசனங்கள். பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயரும் ஊரும் தேதியும் சேர்ந்திருக்கும் எந்தக் காகிதத்தையும் எறியாதீர்கள். ஒரு படி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள், திர்பிமிரின் சாசனத்தைக் காப்பாற்றியது படிதான். பிள்ளைகள் ஸ்டாம்பு சேர்த்தால் தடுக்க வேண்டாம். கவரோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

என் ஆல்பத்தில் கொச்சி அஞ்சல்தலைக்குக் கீழே இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். தாத்தாவின் பெயர், லைன், அந்த வீட்டு எண். எண்ணை எனக்குச் சொன்னது பெரியப்பா மகன். அவர் சொல்வது சரிதானா என்று ஒத்துப் பார்க்க என்னிடம் எழுத்து எதுவும் இல்லை.